சண்டைக்குப் பிறகும் பக்கத்து வீடுதான்: கேள்வி-பதில்

சென்ற இதழில், "போலீஸ் இல்லாமல் ஊர்ச் சண்டை தீருமா?" என்று கேட்டவருக்கு, "மார்னிங்டன் தீவில் போய்க் கேளுங்கள்" என்று ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. டிக்கெட் யார் எடுப்பது என்று கேட்ட நான்கு பேரைத் தவிர மற்றவர்களுக்கு இந்த வாரம் பதில்.

மார்னிங்டன் தீவு எங்கே இருக்கிறது? அங்கே அப்படி என்ன நடக்கிறது?
கே.எஸ்., மன்னார்குடி

ஆஸ்திரேலியாவின் வடக்கே, கார்ப்பன்டாரியா வளைகுடாவில். குவீன்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்தது. சுமார் ஆயிரம் பேர் வாழும் தீவு, பெரும்பாலோர் பூர்வகுடிகள். 2000-களின் கடைசியில் அங்கே ஒரு சமரசத் திட்டம் தொடங்கியது. பிறகு ஜுன்குரி லாகா என்கிற உள்ளூர் நீதிக் குழுவின் கைக்கு வந்தது.

இரண்டு குடும்பங்களுக்குள் அடிதடி என்றால் உடனே கூட்டம் போட்டுவிட மாட்டார்கள். முதலில் நடை. சமரசக்காரர் இந்த வீட்டுக்குப் போய் உட்காருவார், பிறகு அந்த வீட்டுக்கு. யார் பேசலாம், யார் அந்தப் பக்கமே வரக் கூடாது, எந்த இடம் இருவருக்கும் பொது, பழைய கணக்கு எதையெல்லாம் கிளறக் கூடாது என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்வார். இதற்கே நாள்கள் ஆகும். அப்புறம்தான் கூட்டம். குடும்பம் குடும்பமாக வருவார்கள், கத்துவார்கள், அழுவார்கள். போலீஸ் வந்தாலும் தள்ளித்தான் நிற்கும். கடைசியில் மன்னிப்பு, கைகுலுக்கல், "இனி இந்தப் பேச்சு முடிந்தது" என்று ஊர் அறிய ஒரு வார்த்தை. பிடிபட்டவனை மட்டும் கூண்டில் ஏற்றினால் அவனுக்குப் பின்னால் நிற்கும் நாற்பது பேரின் கோபம் அப்படியே இருக்கும் என்பது அந்தத் தீவுக்குத் தெரியும்.

ஆலமரம், சொம்பு, ஜமுக்காளம் உண்டா?
பி.வி., திண்டுக்கல்

மரத்தடி உண்டு. சொம்பும் இல்லை, வெற்றிலையும் இல்லை, முக்கியமாக நாட்டாமையும் இல்லை. தீர்ப்புச் சொல்ல ஒருவர் இல்லாத பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. வரிப்பணத்தில் நடப்பதை விட்டுவிட்டு இது எதற்கு?
ஆர்.எம்., ஆவடி

கோர்ட் இருக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை சிறு விமானத்தில் வந்து இறங்குகிறது. கூடவே மாஜிஸ்திரேட், அரசு வக்கீல், பிரதிவாதி வக்கீல் எல்லாரும் வந்து இறங்குகிறார்கள். அன்றைக்குள் பட்டியலை முடித்தாக வேண்டும். வக்கீல் தன் கட்சிக்காரரை முதல்முறை பார்ப்பதே அன்று காலையில்தான் என்பதெல்லாம் சாதாரணம்.

அடுத்தது மொழி. ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள பாலைவன ஊர்களில் பலருக்கு இங்கிலீஷ் மூன்றாவது, நான்காவது பாஷை. அதிகாரத்தில் இருப்பவர் கேள்வி கேட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் "ஆமாம்" என்று சொல்லி வைப்பது அங்கே மரியாதை. அந்த மரியாதையே வாக்குமூலமாகி எத்தனையோ பேரை உள்ளே தள்ளியிருக்கிறது. 1976-ல் நீதிபதி ஃபார்ஸ்டர், அனுங்கா என்ற வழக்கில், பூர்வகுடி ஒருவரைப் போலீஸ் எப்படி விசாரிக்க வேண்டும் என்று விதிகளே எழுத வேண்டியிருந்தது: மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கூட ஒரு துணை வேண்டும், பதிலை வாயில் திணிக்கும் கேள்வி கூடாது.

கணக்கையும் பாருங்கள். ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் பூர்வகுடிகள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சிறைக் கைதிகளில் மூன்று பேருக்கு ஒருவர் அவர்கள். காவலில் நடந்த 99 மரணங்களை விசாரித்த அரச ஆணையம் 1991-ல் 339 பரிந்துரைகள் கொடுத்தது. அதற்குப் பிறகு காவலில் இறந்த பூர்வகுடிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. வரிப்பணத்தில் நடப்பது இதுதான்.

அப்படி எதற்குத்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்?
ஜி., காரைக்குடி

நீங்களும் நானும் எதற்குப் போடுகிறோமோ அதற்குத்தான். பொறாமை, குடி, கால்பந்து, சாவு வீட்டில் யார் வரவில்லை என்கிற குறை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு மத்திய ஆஸ்திரேலியாவில் டிவாஸ் சாட் என்று ஒரு கைபேசி அரட்டை பிரபலம். பெயர் போடாமல் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். இரவில் ஒரு வரி வரும்; காலையில் இரண்டு குடும்பங்கள் கம்போடு நிற்கும். பெரியவர்கள் அதை மூடச் சொல்லிக் கேட்டார்கள். இப்போது அந்த வேலையை ஃபேஸ்புக் பார்த்துக்கொள்கிறது.

சமரசம் செய்பவர் இரு தரப்புக்கும் சொந்தக்காரர் என்று படித்தேன். சொந்தக்காரர் எப்படி நடுநிலையாக இருப்பார்?
எஸ்.டி., நாகர்கோவில்

நல்ல கேள்வி. வக்கீலா நீங்கள்?

நகரத்துச் சமரச மையத்தில் நடுநிலை என்றால் "இவர் யாருக்கும் யாரும் இல்லை". யூண்டுமு மாதிரிப் பாலைவன ஊரில் யாருக்கும் யாரும் இல்லாத ஆள் நேற்று வந்த வெள்ளைக்கார அதிகாரி மட்டும்தான். அவர் பேச்சை யார் கேட்பார்? அங்கே நடுநிலை என்றால் "இவர் இரண்டு பேருக்கும் சம அளவு சொந்தம்". இந்தப் பக்கம் மாமன், அந்தப் பக்கம் சித்தப்பா. இரண்டு வீட்டையும் அதட்டலாம், இரண்டு வீட்டிலும் சாப்பிடலாம். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுநாளே அது ஊருக்குத் தெரிந்துவிடும், அதோடு அவர் மரியாதை போயிற்று. சம்பளம் வாங்கும் நடுவருக்கு இந்தப் பயம் கிடையாது.

உறவு அங்கே கணக்குப் பாடம் மாதிரி துல்லியமானது. யூண்டுமுவில் வாழும் வார்ல்பிரி மக்களுக்கு எட்டுப் பிரிவுகள். பிறக்கும்போதே பிரிவு தெரியும். ஆண் பெயர் 'ஜ'-வில் தொடங்கும், பெண் பெயர் 'ந'-வில்: அண்ணன் ஜபானங்கா என்றால் தங்கை நபானங்கா. முன்பின் தெரியாத இருவர் பிரிவுப் பெயரைச் சொன்னாலே போதும், யார் யாருக்கு என்ன முறை, யார் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

முறை என்றதும் கேட்கத் தோன்றுகிறது. நம் மாமன் மகள், அத்தை மகள் முறை அங்கே உண்டாமே?
எல்.ஏ., உடுமலைப்பேட்டை

உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியெரா மக்களிடம் மாமன், அத்தை பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை; சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் உடன்பிறப்பு. மானுடவியலாளர்கள் கரியெரா உறவுமுறையையும் திராவிட உறவுமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல பத்தாண்டுகளாக ஒப்பிட்டு வருகிறார்கள். உடனே குமரிக்கண்டம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஒத்த ஏற்பாடு இரண்டு இடத்தில் தனித்தனியாகவும் முளைக்கும்.

அங்கே மாமியார் மருமகன் பேசிக்கொள்ளவே கூடாதாமே? கொடுத்து வைத்தவர்கள்!
பெயர் வேண்டாம், சென்னை-33

பெயர் போடாததன் காரணம் புரிகிறது. ஆம், பல சமூகங்களில் இருவரும் நேருக்கு நேர் பார்க்கவோ பேசவோ கூடாது. சிலவற்றில் மாமியார் காதில் விழும்போது பேச என்றே தனிச் சொற்கள் இருந்தன. பகை இல்லை, உச்சபட்ச மரியாதை. இப்போது நீதிமன்றத்துக்கு வாருங்கள். சாட்சிக் கூண்டில் மாமியார், எதிரே மருமகன். மாமியார் தலையைக் குனிந்துகொள்கிறார், பதில் வரவில்லை. சாட்சி எதையோ மறைக்கிறார் என்று குறித்துக்கொள்கிறது கோர்ட். ஊர்க் கூட்டத்தில் இந்தக் குழப்பமே வராது. யாரை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைப்பது என்று அங்கே குழந்தைக்கும் தெரியும்.

தொடையில் ஈட்டி குத்துவதுதான் அவர்களின் நீதி என்கிறார்களே? காட்டுமிராண்டித்தனம் இல்லையா?
டி.என்., சேலம்

ஈட்டி உண்டு, மறைக்கவில்லை. கொலையோ பெருங்காயமோ நேர்ந்தால், குற்றம் செய்தவன் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் முன் வந்து நின்று தொடையில் குத்து வாங்க வேண்டும். வாங்கியதும் கணக்கு முடிந்தது. யாரும் யாரையும் துரத்தக் கூடாது. இன்றைய சட்டப்படி அது அடிதடிக் குற்றம். பல ஊர்களில் அது இன்று மன்னிப்பாகவும் சடங்காகவும் மாறியிருக்கிறது. மாறாத இடங்களில் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை: முதலில் ஜெயில், வெளியே வந்ததும் ஈட்டி. ஜெயிலுக்குப் போய்வந்தது குடும்பத்தின் கணக்கில் சேராது. ஈட்டியைக் கணக்கில் எடுத்து ஜெயிலைக் குறைக்கலாம் என்று 1990-களில் ஆஸ்திரேலியாவின் வட பிராந்திய நீதிபதிகள் சிலர் ஏற்றுக்கொண்டார்கள்.

ஈட்டி காட்டுமிராண்டித்தனம் என்பது உங்கள் கருத்து. தகியார் என்ற யோல்ங்கு இனத் தலைவரின் கதையைக் கேட்டுவிட்டு, அதே சொல்லை யாருக்குச் சூட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.

1933, வட பிராந்தியத்தின் ஆர்னம் நிலம். வேறொரு கொலையை விசாரிக்க உட்டா தீவுக்கு வந்த போலீஸ் அங்கிருந்த பெண்களைப் பிடித்து வைத்தது. அவர்களில் தகியாரின் மனைவியும் ஒருவர். மெக்கோல் என்ற கான்ஸ்டபிள் ஈட்டி பாய்ந்து செத்தார். தண்டனைப் படை அனுப்பிச் சுட வேண்டும் என்று டார்வினில் கூச்சல். பதிலாக மிஷனரிகள் சமாதானம் பேசப் போனார்கள். பேச்சை நம்பித் தகியார் தானாகவே டார்வினுக்கு வந்தார். யோல்ங்கு முறையில், வந்து நிற்பவனோடு விஷயத்தைப் பேசித் தீர்ப்பார்கள். டார்வின் முறை வேறு. 1934 ஆகஸ்டில் வெள்ளையர் ஜூரி, அவருக்குப் புரியாத மொழி, மரண தண்டனை. அவருடைய சொந்த வக்கீலே, கட்சிக்காரர் தன்னிடம் என்ன சொன்னார் என்பதைத் தீர்ப்புக்குப் பிறகு திறந்த நீதிமன்றத்தில் போட்டு உடைத்தார். அதே நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கு நடந்த லட்சணத்தைக் கண்டித்து அவரை விடுவித்தது. சிறையிலிருந்து வெளியே வந்த தகியாரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மீதிக் கதை 2003-ல். தகியாரின் பேரப்பிள்ளைகள், டார்வின் உச்ச நீதிமன்றக் கட்டடத்திலேயே வுகிடி என்ற சமாதானச் சடங்கை நடத்தினார்கள். மெக்கோலின் குடும்பத்தாரையும் அழைத்தார்கள், அவர்களும் வந்தார்கள். வண்ணம் தீட்டிய நினைவுக் கம்பங்களை அந்தக் கட்டடத்துக்கே கொடுத்தார்கள். எழுபது வருடம் எந்தக் கோர்ட்டும் மூடாத கோப்பை மூடிக் காட்டியவர்கள் 'காட்டுமிராண்டிகள்'தான்.

இதற்கும் நம் ஊர் கட்டப் பஞ்சாயத்துக்கும் என்ன வித்தியாசம்? ஆஸ்திரேலியா என்றால் மட்டும் இனிக்கிறதா?
வி.பி., உசிலம்பட்டி

நியாயமான குத்து. வாங்கிக்கொள்கிறேன்.

கட்டப் பஞ்சாயத்தில் உட்காருகிறவருக்குப் பின்னால் ஒரு சாதியோ கட்சியோ ரவுடிக் கூட்டமோ இருக்கிறது. எதிரே நிற்பவருக்கு "மாட்டேன்" என்று சொல்லும் வழி இல்லை. அபராதம் யார் பைக்குப் போகிறது என்பதை ஊரே அறியும். காதலித்தவர்களைத் தண்டிப்பதுதான் அதன் விருப்பப் பாடம். இந்தப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதம், அடக்கி ஒடுக்க வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான்.

மார்னிங்டன் தீவில் சமரசக்காரர் யாரையும் தண்டிக்க முடியாது. கூட்டத்துக்கு வர மறுக்கலாம், நடுவில் எழுந்து போலீசுக்கும் போகலாம். கொலை, பாலியல் குற்றம் எல்லாம் கோர்ட்டுக்குத்தான். வித்தியாசம் மரத்தடியில் இல்லை. எழுந்து போகும் உரிமையில் இருக்கிறது.

பெரியவர்கள் என்றால் ஆண்கள்தானே? பெண்கள் கதி?
எம்., விழுப்புரம்

இந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் நானே எழுதிப் போட்டிருப்பேன்.

2005-ல் வட பிராந்தியத்தில் ஒரு வழக்கு. 14 வயதுச் சிறுமியிடம் முறைகேடாக நடந்துகொண்ட முதியவர், அவள் தனக்கு முறைப்படி நிச்சயிக்கப்பட்டவள் என்றார். நீதிபதி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் உள்ளே இருந்தால் போதும் என்றார். நாடே கொதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை கூடியது. 'எங்கள் வழக்கம்' என்ற சொல்லின் பின்னால் யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி. ஊரின் மற்றப் பெண்களிடமும் நீதிபதி கேட்டிருந்தால் வழக்கத்தைப் பற்றி வேறு பதிலும் வந்திருக்கலாம்.

ஏனென்றால் மறுபக்கமும் உண்டு. 1980-களில் டெனன்ட் கிரீக்கில் ஜூலலிகாரி என்ற அமைப்பின் தொண்டர்கள் இரவுக் காவல் தொடங்கினார்கள். 1991-ல் யூண்டுமுவில் அதைக் கையில் எடுத்தவர்கள் பெண்கள், அதிலும் பாட்டிகள். கையில் தடி மட்டும்; துப்பாக்கியும் இல்லை, கைது செய்யும் அதிகாரமும் இல்லை. குடித்துவிட்டு ஆடும் பேரனுக்கு எதிரே பாட்டி வந்து நின்றால் போலீஸ் ஜீப்பைவிடக் காரியம் வேகமாக நடந்தது. 2007-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில், வீட்டுக்கு எடுத்துப்போகும் மது விற்பனையைக் கட்டுப்படுத்தச் சொல்லி அரசை நெருக்கியவர்கள் ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்ற பெண்கள். சொந்த ஊரிலேயே திட்டு வாங்கினார்கள். கட்டுப்பாடும் வாங்கினார்கள்.

எந்த ஊர்க் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்பது, அதில் எத்தனை பாட்டிகள் என்றுதான்.

அறுபதாயிரம் வருடப் பாரம்பரியம் என்கிறார்கள். அப்படி இருந்துமா ஊருக்கு ஊர் கலவரம்?
சி.ஆர்., தஞ்சாவூர்

பாரம்பரியம் பழசு. ஊர்தான் புதுசு. யூண்டுமு 1946-ல் அரசு ரேஷன் கிடங்காகத் தொடங்கிய ஊர். குவீன்ஸ்லாந்தின் பாம் தீவு 1918-ல் உருவாக்கப்பட்ட தண்டனைக் குடியிருப்பு. நாற்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களை எங்கெங்கிருந்தோ பிடித்து வந்து ஒரே தீவில் கொட்டினார்கள். மார்னிங்டனும் அப்படித்தான். அது லார்டில் மக்களின் தீவு. பக்கத்துப் பென்டிங்க் தீவில் கடல்நீர் புகுந்ததும் 1948-ல் காயடில்ட் மக்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பழைய நாளில் சண்டை முற்றினால் ஒரு தரப்பு விலகிப் போய்விடும். போக நிலம் இருந்தது. இப்போது அடுத்த தெருவைத் தாண்டி எங்கே போவது? 2010-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஓர் இளைஞர் குத்துப்பட்டு இறந்த பிறகு, யூண்டுமுவில் வெடித்த குடும்பச் சண்டையில் சுமார் நூறு பேர் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் அடிலெய்டு வரை ஓடினார்கள். யூண்டுமுவில் சமரசக் குழு உருவானது அந்தச் சண்டையின் சாம்பலில்தான். தாத்தா காலத்து முறையை அப்படியே எடுத்து வைத்தால் இங்கே பொருந்தாது. ஒரு குழுவின் மூப்பர் சொல் இன்னொரு குழுவைக் கட்டுப்படுத்தாதே! எனவே, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் புது முறையைப் பழைய மரியாதைகளைக் கொண்டு கட்டுகிறார்கள்.

வெள்ளைக்கார நீதிமன்றம் இவர்கள் சட்டத்தைச் சட்டம் என்று ஒப்புக்கொண்டதா?
கே.ஜே., மதுரை

ஒப்புக்கொண்டது, 1971-ல். சுரங்கத்துக்கு எதிராக ஆர்னம் நிலத்தின் யிர்க்காலா மக்கள் தொடுத்த வழக்கில் நீதிபதி பிளாக்பர்ன், இவர்களிடம் இருப்பது நுட்பமான சட்ட ஒழுங்கு என்று மனதாரப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, நிலம் உங்களுடையது இல்லை என்று அனுப்பிவிட்டார். பூர்வகுடி வழக்கங்களை அங்கீகரிக்கலாமா என்று 1977-ல் சட்டச் சீர்திருத்த ஆணையத்திடம் கேட்டார்கள். அது ஒன்பது வருடம் உழைத்து 1986-ல் இரண்டு தொகுதி அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையின்படி ஒரு தனிச் சட்டம் கடைசி வரை வரவில்லை. 2007-ல் மத்திய அரசு வட பிராந்தியத்தின் பூர்வகுடி ஊர்களில் நேரடியாகத் தலையிட்டபோது, ஜாமீனிலோ தண்டனையிலோ குற்றத்தின் கடுமையை எடைபோடும்போது வழக்கச் சட்டத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று சட்டம் போட்டது. 

வட்டமாக உட்கார்ந்து தண்டனை கொடுக்கிறார்களாமே, அதுவும் இதுவும் ஒன்றா?
பி.எல்., புதுச்சேரி

பங்காளிகள், ஒன்று இல்லை. 1999-ல் போர்ட் அடிலெய்டில் நுங்கா நீதிமன்றம், 2002-ல் நௌராவில் வட்ட விசாரணை, அதே ஆண்டு ஷெப்பர்டனில் கூரி நீதிமன்றம். மாஜிஸ்திரேட் மேடையை விட்டு இறங்கி மூத்தோரோடு சமமாக உட்காருகிறார். பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கே இந்த வழி. மூத்தோர் பேசுவார்கள், சில சமயம் மாஜிஸ்திரேட்டைவிடக் கடுமையாக. ஆனால் கடைசிக் கையெழுத்து மாஜிஸ்திரேட்டுடையது. அரசின் நீதிமன்றத்தில் ஊருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஊரின் கூட்டம் வேறு.

பலன்? வட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சிறை கிடைக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைவு, 12 மாதத்துக்குள் மறுபடி குற்றம் செய்வோர் 3.9 சதவீதப் புள்ளி குறைவு என்று நியூ சவுத் வேல்ஸ் குற்றப் புள்ளிவிவர அமைப்பு 2020-ல் சொன்னது. திருந்த மனம் உள்ளவர்கள்தானே வட்டத்துக்கு வருவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆய்வாளர்களும் அந்தச் சந்தேகத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்.

வேறு நாட்டில் உண்டா?
எஸ்.கே., ஈரோடு

அமெரிக்காவின் நவஹோ மக்கள் 1982-ல் தங்கள் சமாதான நீதிமன்றத்தை நிறுவினார்கள். நியூசிலாந்து 1989-ல், சிறார் வழக்குகளில் குடும்பத்தையே கூட்டிப் பேசும் மாவோரி வழியைச் சட்டமாக்கியது. நௌரா வட்டமே கனடாவிலிருந்து போனதுதான்.

செலவு?
ஆடிட்டர் ஒருவர், கோவை

உங்களுக்காகவே இரண்டு கணக்கு. யூண்டுமு சமரசத் திட்டத்தில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் நான்கு டாலருக்கு மேல் பலன் என்று 2014-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பூர்க் என்ற சிற்றூரில் மரங்குகா என்ற பூர்வகுடிகளின் திட்டத்தால் 2017-ல் மட்டும் 31 லட்சம் டாலர் அளவுக்குப் பலன், குடும்ப வன்முறைப் புகார்கள் 23 சதவீதம் குறைவு என்று கேபிஎம்ஜி நிறுவனம் எழுதியது. ஆடிட்டர் சொன்னால்தானே அரசுக்கு நம்பிக்கை வருகிறது!

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லா ஊரிலும் இல்லை?
என்.ஆர்., திருநெல்வேலி

ஜெயிலுக்குப் பணம் வருடா வருடம் தானாக வரும். சமரசக் குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஆட்சி மாறினால் அதுவும் போய்விடும். வட பிராந்தியத்தில் 2005-ல் தொடங்கிய, மூத்தோர் பங்கேற்கும் சமுதாய நீதிமன்றங்கள் 2012-ல் நின்றுபோயின. மறுபடி தொடங்க 2023 ஆயிற்று. குவீன்ஸ்லாந்தில் 2002-ல் தொடங்கிய, அதே வகையான முர்ரி நீதிமன்றத்துக்கு 2012-ல் புது அரசு நிதியை நிறுத்தியது. 2016-ல் இன்னொரு அரசு திரும்பத் திறந்தது. இடைப்பட்ட நான்கு வருடமும் பிரிஸ்பேனில் மூத்தோர் சிலர் சம்பளம் இல்லாமலேயே போய் உட்கார்ந்தார்கள்.